நாம திட்டுறது யார் காதுல விழுது?

('சின்னத்திரைத் தொடர்களை நடத்துவது கதையா, காசா, பார்ப்பவரா?' என்ற தலைப்பில், விழுப்புரம் அரங்கில் பேசியது)



நான் திண்டிவனத்துலேர்ந்து வந்திருக்கேன். தொழில், கேபிள் டி.வி. அதாவது, மாசம் பொறந்தா உங்க வீட்டுக் கதவைத் தட்டுறவன். முப்பது வருஷமா தட்டிக்கிட்டிருக்கேன். இந்தத் தொழில்ல ஒரு விசேஷம் உண்டு. காசு வாங்கப் போனா காசு ஒரு நிமிஷத்துல வந்துடும். கருத்து அரைமணி நேரம் வரும். (சிரிப்பு)

ஒரு வீட்டுல பாட்டியம்மா கேட்பாங்க: "ஏம்ப்பா, அந்த மருமவ வாயைத் தொறக்கவே மாட்டாளா? ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னா பிரச்சினை தீந்துடுமே?" அடுத்த வீட்டுல அவங்க பேத்தி வயசுப் பொண்ணு: "அண்ணா, எல்லா வீட்டுலயும் வில்லி பொம்பளைதானா? ஊர்ல கெட்ட ஆம்பளையே இல்லையா?" டெய்லர் கடையில: "அந்தப் பொண்ணு தூங்கும்போதுகூடப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டே தூங்குதே, எந்த ஊர்ல இப்படி?" இன்னொருத்தர் இருக்கார். "நான் இந்த சீரியல் கண்றாவியெல்லாம் பார்க்கிறதே இல்லை"ன்னு ஆரம்பிப்பார். ஆரம்பிச்சு, போன வாரம் நடந்த கதை முழுக்கச் சொல்லி முடிப்பார். (பலத்த சிரிப்பு) சிரிக்காதீங்க, அவர் இந்த அரங்கத்துலயே இருக்கலாம்.

ஒரு நாள் ஒரு அம்மா, எல்லாத்தையும் கொட்டித் தீர்த்துட்டு, கடைசியா ஒண்ணு கேட்டாங்க. "இவ்வளவு சொல்றேனே, இதையெல்லாம் நீ யாருகிட்டப்பா போய்ச் சொல்லுவே?"

நியாயமான கேள்வி. நாம பார்க்கிறோம், அழுறோம், திட்டுறோம். அது யார் காதுல விழுது? அதை எனக்குத் தெரிஞ்ச தொழில் கணக்கோட இன்னிக்கு விளக்கிடலாம்னுதான் வந்திருக்கேன்.

முதல்ல ஒண்ணு. நாடகம் பார்த்துக் கருத்துச் சொல்றது நமக்கு டி.வி. கத்துக்கொடுத்த பழக்கம் இல்லீங்க. நம்ம மாவட்டத்துல திரௌபதியம்மன் கோயில் இல்லாத பக்கம் எது? செஞ்சிக்குப் பக்கத்துல மேலச்சேரி, அந்த அம்மனுக்கே தாய்வீடு மாதிரி. பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. பதினெட்டு நாள் போருக்குக் கணக்கா நாள் கணக்குல ஓடுற கதை. கடைசியில படுகளம். மண்ணுல மலை மாதிரி துரியோதனனைச் செஞ்சு படுக்க வைப்பாங்க. தொடர்கதைன்னா அதுதான் தொடர்கதை. நம்ம பாட்டன் பூட்டன் எல்லாருமே சீரியல் பார்த்தவங்கதான்.

அங்கே கட்டியக்காரன்னு ஒருத்தர் வருவார். ராஜாவையே கேலி பண்ணுவார். கூட்டத்துலேர்ந்து ஒருத்தன் கத்தினா அவனுக்கும் அங்கேயே பதில் சொல்லுவார். நடுவுல கூத்தை நிறுத்தி, "இன்னார் மகன் இன்னார், திரௌபதை வேஷத்துக்கு ஐம்பது ரூபாய் அன்பளிப்பு"ன்னு வாசிப்பார். யோசிச்சுப் பாருங்க. அதுதான் அந்தக் காலத்து ஸ்பான்சர்! (கைதட்டல்) ஆனா அங்கே காசு கொடுக்கிறவன், பார்க்கிறவன், கருத்துச் சொல்றவன் மூணு பேரும் ஒரே பாயில உட்கார்ந்திருந்தான். வேஷம் கட்டினவருக்கு அவன் முகம் தெரியும். டி.வி. வந்தப்போ இந்த மூணு பேரும் பிரிஞ்சுட்டாங்க. இன்னிக்கு இருக்கிற சிக்கல் எல்லாம் அந்தப் பிரிவினையில வந்ததுதான்.

எப்படிப் பிரிஞ்சாங்கன்னு சொல்றேன். 1930-கள்ல அமெரிக்காவில ரேடியோவில தினசரி நாடகம் ஆரம்பிச்சாங்க. மத்தியானம் வீட்டுல இருக்கிற பெண்களுக்காக. பணம் போட்டது யாரு? சோப்புக் கம்பெனிக்காரங்க. 1933-ல வந்த 'மா பெர்க்கின்ஸ்'ங்கிற நாடகத்துக்கு ஒரு துணி சோப்புத் தூள்தான் படியளந்தது. அதனாலேயே இந்த மாதிரி தொடருக்கெல்லாம் 'சோப் ஓபரா'ன்னு பேர் வந்துடுச்சு. 'கைடிங் லைட்'னு ஒரு தொடர், 1937-ல ரேடியோவில ஆரம்பிச்சு, 1952-ல டி.வி.க்கு வந்து, 2009-லதான் முடிஞ்சுது. எழுபத்திரெண்டு வருஷம்! நம்ம ஊர் சீரியல் ஆறு வருஷம் ஓடினதுக்கே நாம நெஞ்சைப் பிடிச்சுக்கிறோம். (சிரிப்பு)

நம்ம நாட்டுல இது 1984 ஜூலை 7-ஆம் தேதி தூர்தர்ஷன்ல 'ஹம் லோக்'னு ஆரம்பிச்சுது. இந்தி. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதினார். ஒரு நடுத்தரக் குடும்பத்துக் கதை. அதுக்கு விளம்பரம் கொடுத்தது ரெண்டு நிமிஷ நூடுல்ஸ். நூடுல்ஸ் என்னன்னே தெரியாத வீட்டுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது அந்தக் கதையோட கையைப் பிடிச்சுக்கிட்டுதான். அப்போ தூர்தர்ஷன்ல தொடர்னா 13 வாரம், 26 வாரம்னு கணக்கு. ஏன் 13? வருஷத்தை நாலா வகுத்தா 13 வாரம். மூணு மாசத்துக்கு ஒரு கணக்கு. அவ்வளவுதான் ரகசியம்.

1993 ஏப்ரல் 14-ல சன் டி.வி. வந்துது. 1999-லேர்ந்து 2001 வரை ராதிகா அவர்கள் நடிச்ச 'சித்தி'. 2002-லேர்ந்து 2005 வரை 'மெட்டி ஒலி', ஒரு அப்பா, அஞ்சு பொண்ணுங்க. 2003-லேர்ந்து 2009 வரை 'கோலங்கள்', ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுக்கு மேல. வாரத் தொடர் தினத்தொடரா மாறினப்போ கணக்கே மாறிடுச்சு. வாரத்துக்கு ஒண்ணுன்னா வருஷத்துக்கு 52. வாரத்துல அஞ்சு நாள்னா வருஷத்துக்கு 260. அஞ்சு மடங்கு கதை வேணும். கதை எங்கேயிருந்து வரும்? அதுக்கு வர்றேன். முதல்ல காசு எங்கேயிருந்து வருதுன்னு பார்த்துடுவோம்.

டி.வி. விளம்பரத்தை விக்கிறது பத்து செகண்ட் கணக்குல. எண்ணெயை லிட்டர்ல விக்கிற மாதிரி, டி.வி.யில நேரத்தைப் பத்து செகண்டா விப்பாங்க. மணிக்கு 12 நிமிஷத்துக்கு மேல விளம்பரம் கூடாதுன்னு 2006-ல ஒரு விதி கொண்டுவந்தாங்க. அந்தக் கணக்குப்படி அரைமணித் தொடருக்கு ஆறு நிமிஷம். ஆறு நிமிஷம்னா 360 செகண்ட். பத்துப் பத்தா வெட்டினா 36 துண்டு. ஒரு துண்டு பத்தாயிரம் ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க. 36 துண்டும் வித்தா ஒரு நாளைக்கு மூணு லட்சத்து அறுபதாயிரம். வருஷத்துக்கு 260 நாள்னா ஒன்பது கோடியே முப்பத்தாறு லட்சம். நிறையப் பேர் பார்க்கிற தொடர்னா ஒரு துண்டு விலை பல மடங்கு ஏறும். யாரும் பார்க்கலைன்னா துண்டு விலை போகாது. துண்டு போகலைன்னா தொடரும் போயிடும்.

இந்தத் துண்டை யாரு விக்கிறதுங்கிறதுல ரெண்டு முறை உண்டு. ஒண்ணு, நம்ம சந்தையில கடைக்கு வாடகை கொடுக்கிற மாதிரி. தயாரிப்பாளர் சேனலுக்கு அந்த அரைமணிக்கு வாடகை கட்டுவார். விளம்பரத்தை அவரே பிடிச்சு வித்துக்குவார். லாபமும் அவருது, நஷ்டமும் அவருது. தமிழ்ல வெகுகாலம் நிறையத் தொடர் இப்படித்தான் நடந்துது. இன்னொண்ணு, கான்ட்ராக்ட் மாதிரி. ஒரு எபிசோடுக்கு இவ்வளவுன்னு சேனல் தயாரிப்பாளருக்குக் கொடுத்துடும். விளம்பரம் முழுக்க சேனல் பாடு. எந்த முறையா இருந்தாலும், தலைக்கு மேல தொங்குற கத்தி ஒண்ணுதான். எத்தனை பேர் பார்த்தாங்க?

இப்போ கதைக்கு வர்றேன். எனக்கு முன்னாடி பேசின சகோதரி, "ஏன் இப்படி இழுக்கிறாங்க?"ன்னு ஆவேசமாக் கேட்டாங்க. இழுக்கிறது சோம்பேறித்தனம் இல்லீங்க, கணக்கு. வாரத்துக்கு அஞ்சு எபிசோடுன்னா, லீவு நாள் போக, ஒரு நாளைக்கு ஒரு எபிசோடாவது எடுத்து முடிச்சாகணும். இருபது நிமிஷத்துக்கு மேல ஓடுற படம், ஒரே நாள்ல! இடம் மாத்தி மாத்திப் போக நேரம் கிடையாது. அதனால ஒரே பங்களா, ஒரே ஹால், ஒரே மாடிப்படி. சண்டையும் அங்கேதான், சமாதானமும் அங்கேதான்.

ஒருத்தர் "நான் கர்ப்பமா இருக்கேன்"னு சொல்றாங்க. உடனே எட்டு பேர் முகத்தையும் ஒவ்வொண்ணாக் காட்டுவாங்க. 'டொய்ங், டொய்ங்'னு சத்தம். (சிரிப்பு) ஒரு முகத்துக்கு அஞ்சு செகண்ட்னா எட்டு முகத்துக்கு நாற்பது செகண்ட். ஒரு எபிசோடுல மூணு தடவை அதிர்ச்சி வந்தா ரெண்டு நிமிஷம் வசனமில்லாம ஓடிடும். எழுதுறவருக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம். முதல் நாள் கதையைத் திரும்பக் காட்டுறாங்களே, அதுவும் காரணத்தோடதான். நேத்து கரண்டு போயிருக்கும். விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் போற பஸ்ஸு லேட்டாயிருக்கும். ஒரு நாள் விட்டவங்க மறுநாள் கதை புரியலைன்னு வேற சேனலுக்குப் போயிடக்கூடாதே!

திடீர்னு ஒரு மாமா கதையில காணாமப் போயிடுவார். "வெளிநாடு போயிட்டார்"னு ஒரே வரியில சொல்லிடுவாங்க. அவர் போனது வெளிநாட்டுக்கு இல்லை. சினிமாவுக்கு! கால்ஷீட் கிடைக்கலை. சில சமயம் "இவருக்குப் பதில் இவர்"னு ஒரு கார்டு போடுவாங்க. தாலி கட்டினவரே மாறிட்டாலும் பொண்டாட்டி கண்டுபிடிக்க மாட்டாங்க. (பலத்த சிரிப்பு) வாரக் கடைசியில மட்டும் ஏன் குண்டு வெடிக்குது, தாலி கட்டுற நேரத்துல போலீஸ் வருது? ரெண்டு நாள் லீவுக்கு அப்புறம் நீங்க திங்கட்கிழமை திரும்பி வரணுமே!

இதுல இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். நாம "நிறுத்துய்யா இந்த சீரியலை"ன்னு சுலபமாச் சொல்லிடுறோம். 2020-ல கொரோனா வந்து படப்பிடிப்பு மொத்தமா நின்னுது. மே மாசம் தமிழ்நாடு அரசு சின்னத்திரைக்கு முதல்ல 20 பேரோட அனுமதி கொடுத்தது. இருபது பேரை வெச்சு எப்படி எடுக்கிறதுன்னு கேட்டு, அப்புறம் அதை 60 ஆக்கினாங்க. அப்போதான் பல பேருக்குத் தெரிஞ்சுது, நாம பார்க்கிற நாலு முகத்துக்குப் பின்னாடி லைட் பிடிக்கிறவர், மேக்கப் போடுறவர், சமைச்சுப் போடுறவர், துணி தேய்க்கிறவர்னு எத்தனை அடுப்பு எரியுதுன்னு. அவங்களுக்கு எல்லாம் அன்னாடக் கூலி. அதனால, திட்டும்போது கதையைத் திட்டுவோம், கஞ்சியைத் திட்ட வேண்டாம். (கைதட்டல்)

சரி, 'எத்தனை பேர் பார்த்தாங்க'ன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? இதுதான் இன்னிக்கு முக்கியமான விஷயம். நிறையப் பேர் என்கிட்ட, "உன் கேபிள் வழியா நாங்க எதைப் பார்க்கிறோம்னு தெரிஞ்சுடுமா?"ன்னு கேட்பாங்க. என் வயர்ல அப்படி ஒண்ணும் கிடையாதும்மா. அதுக்குன்னு 'பார்க்'னு ஒரு அமைப்பு. சேனல், விளம்பரதாரர், விளம்பர ஏஜென்சி மூணு தரப்பும் சேர்ந்து வெச்சது. 2015-லேர்ந்து கணக்குக் கொடுக்குது. தேர்ந்தெடுத்த சில வீட்டுல ஒரு மீட்டர் வைப்பாங்க. நிகழ்ச்சியோட சத்தத்துக்குள்ள, நம்ம காதுக்குக் கேட்காத ஒரு குறி கலந்திருக்கும். மீட்டர் அதைப் பிடிச்சு, எந்த சேனல் ஓடுதுன்னு குறிச்சுக்கும். வீட்டுல ஆளுக்கு ஒரு பட்டன். பார்க்க உட்கார்றப்போ அழுத்தணும். பாட்டி பார்த்தாங்களா, பேரன் பார்த்தானான்னு அப்படித்தான் தெரியும். வாரா வாரம் வியாழக்கிழமை கணக்கு வெளிவரும். தொடர் எடுக்கிறவங்களுக்கு அதுதான் பரீட்சை ரிசல்ட் வர்ற நாள்.

இந்த மீட்டர் எத்தனை வீட்டுல இருக்கு? 2025 ஜூலையில மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சொன்ன கணக்கு இது: நாட்டுல டி.வி. இருக்கிற வீடு சுமார் 23 கோடி. மீட்டர் சுமார் 58,000. வகுத்துப் பாருங்க. ஏறக்குறைய நாலாயிரம் வீட்டுக்கு ஒரு மீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி எங்க திண்டிவனத்துல 72 ஆயிரம் பேருக்கு மேல. வீட்டுக்கு நாலு பேர்னு வெச்சா 18 ஆயிரம் வீடு. நாடு முழுக்கச் சரிசமமாப் பிரிச்சாக்கூட எங்க ஊருக்கு நாலு மீட்டர்தான் தேறும். எந்த வீட்டுல இருக்குன்னு வெளியில சொல்ல மாட்டாங்க. சொல்லவும் கூடாது. சொன்னா அந்த வீட்டுக்கு யாராவது பட்டுப்புடவையோட போய் நின்னுடுவாங்க. (சிரிப்பு)

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்"னு நீங்க சொல்லலாம். சரிதான், கணக்கு சாஸ்திரப்படி அது தப்பில்லை. ஆனா பானை முழுக்க ஒரே அரிசியா இருந்தாத்தான் அந்தப் பதம். மரக்காணத்து உப்பளத்துல வேலை பார்க்கிற அம்மா பார்க்கிற பார்வையும், சென்னையில அடுக்குமாடியில இருக்கிற அம்மா பார்க்கிற பார்வையும் ஒரே அரிசியா? அதனாலதான் மீட்டர் வீடுகளை ஊரு, வயசு, வசதி எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாங்க. எண்ணிக்கை இன்னும் கூடணும்னு அரசாங்கமே சொல்லுது.

அதைவிட முக்கியமான ஒண்ணு இருக்கு. அந்த மீட்டருக்குக் கண்ணு கிடையாது, மனசும் கிடையாது. நீங்க ரசிச்சுப் பார்த்தீங்களா, திட்டிக்கிட்டே பார்த்தீங்களா, அதுக்குத் தெரியாது. "ச்சீ, இதெல்லாம் ஒரு கதையா?"ன்னு சொல்லிக்கிட்டே அரைமணி நேரம் பார்த்தா, மீட்டர் என்ன எழுதும்? 'இந்தம்மா அரைமணி நேரம் பார்த்தாங்க.' அவ்வளவுதான். வியாழக்கிழமை அது அங்கே போய் என்ன ஆகும்? "மாமியார் விஷம் வெச்ச காட்சி நல்லாப் போயிருக்கு, இன்னும் ரெண்டு தடவை வைங்க!" (சிரிப்பு, கைதட்டல்) ஐயா, நம்ம வசவு நம்ம வீட்டு ஹால்லேயே நின்னுடுது. நம்ம பார்வை மட்டும் பம்பாய் வரைக்கும் போகுது.

அப்படின்னா பார்க்கிறவங்க கருத்துக்கு மதிப்பே இல்லையா? இருக்கு. அதுக்குச் சாட்சி அந்த 'ஹம் லோக்'தான். ஆரம்பத்துல குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரமா இருந்துது. மக்கள், "பாடம் நடத்தாதீங்க, கதை சொல்லுங்க"ன்னு முகம் சுளிச்சதும், கதையைத் திருத்தினாங்க. ஒவ்வொரு எபிசோடு முடிவிலயும் நடிகர் அசோக்குமார் வந்து, கதையைப் பத்தி மக்களோட பேசுவார். ஒண்ணரை வருஷத்துல வந்த கடிதம் சுமார் நாலு லட்சம்! காசு கொடுத்துத் தபால்தலை வாங்கி, உட்கார்ந்து எழுதின கடிதம். கட்டியக்காரனுக்கும் கூட்டத்துக்கும் இருந்த பேச்சுவார்த்தை, அங்கே தபால் வழியா நடந்துது.

அதுல ஒரு வேடிக்கையும் நடந்துது. பாகவந்தின்னு ஒரு அம்மா பாத்திரம். எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு, புருஷன் திட்டையும் மாமியார் திட்டையும் வாங்கிக்கிட்டுப் போற அம்மா. "இப்படி இருக்காதீங்கம்மா"ன்னு காட்டத்தான் அந்தப் பாத்திரத்தை வெச்சாங்க. பார்த்தவங்க நிறையப் பேர் என்ன எடுத்துக்கிட்டாங்க தெரியுமா? "ஆகா, பொம்பளைன்னா இப்படித்தான் இருக்கணும்"னு எடுத்துக்கிட்டாங்க! ஆராய்ச்சி பண்ணினவங்க இதை எழுதி வெச்சிருக்காங்க. எடுக்கிறவர் ஒண்ணு நினைப்பார், பார்க்கிறவங்க ஒண்ணு எடுத்துக்குவாங்க. அதனாலதான் வீட்டுல உட்கார்ந்து அதைப் பேசணும்கிறேன். பேசாம பார்க்கிறதுதான் ஆபத்து.

பெரு நாட்டுல 1969-ல 'சிம்ப்ளமென்டே மரியா'ன்னு ஒரு தொடர். கிராமத்துலேர்ந்து வந்து வீட்டு வேலை செய்யற பொண்ணு, தையல் கத்துக்கிட்டு முன்னுக்கு வர்றா. அதைப் பார்த்து அந்த நாட்டுல தையல் மெஷின் விற்பனை ஏறிடுச்சு. வீட்டு வேலை செய்யற பொண்ணுங்க தையல் வகுப்புல சேர்ந்தாங்க. கதையில அவளுக்குக் கல்யாணம் எடுத்தப்போ, நிஜக் கல்யாணம்னு நினைச்ச மாதிரி ஆயிரக்கணக்கான பேர் சர்ச் வாசல்ல வந்து நின்னாங்க. ஒரு தொடர் ஒரு தையல் மெஷினை வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கும்னா, அதை 'வெறும் பொழுதுபோக்கு'ன்னு சொல்ல முடியுமா?

நம்ம நாட்டுக் கதையும் சொல்றேன். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள், தமிழ்நாடு உள்பட அஞ்சு இடத்துல ஆராய்ச்சி பண்ணி 2009-ல வெளியிட்டாங்க. கிராமத்துக்குக் கேபிள் வந்ததுக்கு முன்னாடியும் பின்னாடியும் பெண்கள்கிட்ட கேட்டுப் பார்த்தாங்க. கேபிள் வந்த பிறகு, 'புருஷன் அடிச்சா சரிதான்'னு சொல்ற பெண்கள் குறைஞ்சாங்க. 'ஆம்பளைப் பிள்ளைதான் வேணும்'கிறதும் குறைஞ்சுது. வீட்டு விஷயத்துல பெண்கள் சொல்லுக்கு மதிப்புக் கூடிச்சு. கேபிள்காரனை "குடும்பத்தைக் கெடுக்க வந்தவன்"னு திட்டினவங்க எல்லாரும் இதைக் கொஞ்சம் காதுல வாங்கிக்கணும். (கைதட்டல்) நான் கெட்டதே இல்லைன்னு சொல்லலை. நல்லதும் கெட்டதும் ஒரே வயர்லதான் வருதுங்கிறேன்.

கிட்டத்துல நடந்த உதாரணம், 'எதிர்நீச்சல்'. 2022-ல ஆரம்பிச்ச தொடர். ஆணாதிக்கம் பிடிச்ச ஒரு அண்ணன், அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த படிச்ச பெண்கள். அந்த ஆதி குணசேகரன் பாத்திரத்துல மாரிமுத்து அவர்கள் நடிச்சார். எங்க தெருவுல பெண்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது. 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி அவர் காலமானார். திட்டின அதே பெண்கள் என்கிட்ட, "நம்ம வீட்டுல ஒருத்தர் போன மாதிரி இருக்குப்பா"ன்னு சொன்னாங்க. அப்புறம் அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி அவர்கள் வந்தார். "இவர் நல்லா இருக்கார்", "அவர் மாதிரி வராது"ன்னு ஊரே ரெண்டா நின்னு பேசிச்சு. 2024 ஜூன்ல முடிஞ்ச தொடருக்கு, அந்த வருஷம் டிசம்பர்லயே அடுத்த பாகம் வந்துடுச்சு. நான் பார்த்தவரைக்கும், அந்தத் தொடர்னால எத்தனையோ வீட்டுல ஒரு பேச்சு ஆரம்பிச்சுது. "நம்ம வீட்டுல யாரு குணசேகரன்?"னு மருமகளுங்க சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. புருஷன்மாருங்க சிரிக்கலை. (பலத்த சிரிப்பு)

நேரம் ஆயிடுச்சுன்னு நடுவர் ஐயா மணியைத் தொடுறார். அதனால, நம்ம கருத்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போக வழி என்னன்னு மூணே விஷயம் சொல்லிடறேன்.

முதல் வழி, ரிமோட். பிடிக்கலைன்னா மாத்துங்க. மீட்டர் இல்லாத வீட்டுல மாத்தி என்ன பிரயோஜனம்னு கேட்கலாம். உங்க வீட்டுப் பிள்ளைங்க கண்ணு ஒரு மீட்டர் இல்லையா? அது எல்லாத்தையும் பதிவு பண்ணுதே! அப்புறம், காசு. 2011-ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்குக் கொடுத்தப்போ சேனல்கள் மொத்தமா வரும். 2019-லேர்ந்து கட்டணச் சேனலுக்குத் தனித்தனி விலை, வேணுங்கிறதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்னு மாத்தினாங்க. வீடு வீடா நான் படிவம் கொண்டு போனேன். நிறையப் பேர் "நீயே ஏதாச்சும் போட்டுடுப்பா"ன்னு சொல்லிட்டாங்க. ஓட்டை இன்னொருத்தர் கையில கொடுக்கிற மாதிரிதான் அது. உங்க லிஸ்டுல என்ன இருக்குன்னு கேளுங்க. பார்க்காத கட்டணச் சேனலை எடுக்கச் சொல்லுங்க. கேட்கிறது உங்க உரிமை.

ரெண்டாவது வழி, புகார். குழந்தையைக் கொடுமை பண்றதை விலாவாரியாக் காட்டுறாங்க, தற்கொலையை வழியாக் காட்டுறாங்க, ஒரு சாதியை, ஒரு ஊனத்தைக் கேலி பண்றாங்கன்னா, சும்மா இருக்க வேண்டாம். 2021 ஜூன்ல வந்த விதிப்படி ஒவ்வொரு சேனலும் குறைகேட்க ஒரு அதிகாரி வெச்சிருக்கணும். புகார் வந்துதுன்னு 24 மணி நேரத்துல தகவல் சொல்லணும். 15 நாள்ல பதில் சொல்லணும். பதில் திருப்தி இல்லைன்னா, சேனல்கள் சேர்ந்து வெச்சிருக்கிற கண்காணிப்புக் குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம். அதுக்கும் மேல மத்திய அரசு. எந்தத் தொடர், எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன காட்சின்னு நாலு வரி தமிழ்ல எழுதினா போதும். "உங்க சீரியல் மோசம்"னு எழுதினா அது வசவு. தேதி போட்டு எழுதினா அதுதான் புகார்.

மூணாவது வழி, பாராட்டு. இதை நாம செய்யறதே இல்லை. ஒரு தொடர்ல மருமக வாயைத் திறந்து நியாயம் கேட்டாள்னா, ஒரு ஆம்பளை சமையல்கட்டுல நின்னு மனைவிக்குக் காபி போட்டான்னா, அன்னிக்கு ஒரு கடிதம் போடுங்க. எழுதுறவங்களும் மனுஷங்கதான். வியாழக்கிழமை வர்ற நம்பரைப் பார்த்துப் பயந்துக்கிட்டிருக்கிற அந்த எழுத்தாளர் கையில, விழுப்புரத்துலேர்ந்து ஒரு அம்மா எழுதின கடிதம் இருந்தா, "இதோ பாருங்க சார், ஜனங்க இதைக் கேட்கிறாங்க"ன்னு தயாரிப்பாளர்கிட்ட காட்ட அவருக்கு ஒரு ஆயுதம் கிடைக்கும். மீட்டர் சொல்ல முடியாததைக் கடிதம் சொல்லும்.

நடுவர் ஐயா, கதையா, காசா, பார்ப்பவரான்னு கேட்டீங்க. காசுதான் தேரை இழுக்குது, நான் மறுக்கலை. ஆனா அந்தக் காசே, நாம அந்த அரைமணி நேரம் உட்கார்ந்தாத்தான் வருது. தேர் வடம் நம்ம கையிலதான் இருக்கு. நாம அதைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டோம். அதனால, நடத்துறது பார்ப்பவர்தான், ஆனா அவர் கண்ணை முழிச்சுக்கணும்னு சொல்லி முடிச்சுக்கிறேன். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி காசை எடுத்து வைங்க. கருத்தை எனக்குச் சொல்லாதீங்க, எழுதி அனுப்புங்க.

(நீண்ட கைதட்டல்)